விதி ஏடா, அமானிதமா? மனித மரபணுத்தொகுதி ஆய்வின் மருத்துவ வாக்குறுதிகள் பற்றிய ஒரு விமர்சனம்

பெங்களூரிலிருந்து தெற்கு நோக்கி வரும் தேசிய நெடுஞ்சாலை எலக்ட்ரானிக் சிட்டி, பொம்மசந்திரா, அத்திப்பள்ளி ஆகிய ஊர்களைக் கடந்து ஓசூரில் தமிழகத்துக்குள் நுழைகிறது. எல்லைக்கு இப்பால் உள்ள நிலம் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்த 1970களிலிருந்து இயந்திரங்களின் நிலமாக விளங்குகிறது. லாரி, இருசக்கர வாகனம், கைக்கடிகாரம், அண்மைக் காலத்தில் கைபேசி உதிரிபாகம் என ஆயிரமாயிரம் கைகள் இங்கு பொருள்களை உருவாக்கிக்கொண்டிருக்கின்றன. எல்லைக்கு அப்பால், ஓசூரிலிருந்து இருபது கிலோமீட்டருக்கும் குறைந்த தொலைவில் உள்ள பொம்மசந்திராவில், 2013இல் தொடங்கப்பட்ட மெட்ஜீனோம் நிறுவனம் மனித மரபணுக்களை வாசிக்கும் ஆய்வுக்கூடத்தை அமைத்தது. கிருஷ்ணகிரி மாவட்டத்தை ஒட்டிக் கிடக்கும் கோலார் மாவட்டத்தின் சீனிவாசபுரம் வட்டாரத்தில், இந்திய அறிவியல் கழகத்தின் மூளை ஆய்வு மையம் 2018 முதல் ஒரு நீண்டகால ஆய்வை நடத்தி வருகிறது. 45 வயதைக் கடந்த கிராம மக்கள் 10,000 பேரைச் சேர்ப்பதை இலக்காகக் கொண்ட அவ்வாய்வு, அவர்களின் இரத்தம், மரபணு, நினைவாற்றல் ஆகியவற்றைத் தொடர்ந்து கவனித்து, முதுமை மறதி நோயின் வேர்களைத் தேடுகிறது.

ஆகவே மனித மரபணுத்தொகுதி ஆய்வு என்பது அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ நிகழும் வியப்புச் செய்தியாக மட்டும் இனி நமக்கு இருக்க முடியாது. அது நம் அண்டை வட்டாரத்தில் நடைபெறுகிறது. ஆய்வுக்கூடம் ஒருபுறம், ஆலை மறுபுறம், இரத்தம் தரும் கிராமம் இடையில் என அமைந்த இந்த எல்லைப்புறத்தில் நின்று, அவ்வாய்வு வழங்கும் மருத்துவ வாக்குறுதிகளை எடைபோடுவது பொருத்தமாகும். இவ்வறிவினால் நலம் பெறப்போவோர் யாவர், அதன் சுமையைத் தாங்கப்போவோர் யாவர் என்பதே இக்கட்டுரையின் வினா.

உருவகம் செய்த தீங்கு

2000ஆம் ஆண்டு ஜூன் 26 அன்று மனித மரபணுத்தொகுதியின் முதல் வரைவு வெள்ளை மாளிகையில் அறிவிக்கப்பட்டபோது, அன்றைய அமெரிக்க அதிபர் பில் கிளிண்டன், இறைவன் உயிரைப் படைத்த மொழியை மனிதன் கற்கத் தொடங்கிவிட்டான் என்ற பொருள்படப் பேசினார். அத்திட்டத்துக்குத் தலைமையேற்றிருந்த பிரான்சிஸ் காலின்ஸ் பின்னர் எழுதிய நூலின் தலைப்பும் அதே உருவகத்தைத் தாங்கி 2006இல் வெளிவந்தது. நூல், எழுத்து, மொழி, வரைபடம் எனும் உருவகங்கள் அன்று முதல் உலகெங்கும் பரவின. நம்மவரும் அதற்கு விலக்கல்லர். நம் மேடைகளிலும் இதழ்களிலும் இருவகைக் குரல்கள் எழுந்தன. ஒன்று, மரபணுவைப் பற்றிய செய்தி யாவும் முன்னரே திருக்குர்ஆனில் கூறப்பட்டுவிட்டது என்று பெருமிதம் கொண்டது. மற்றொன்று, மனிதன் லவ்ஹுல் மஹ்ஃபூளை எட்டிப்பார்க்க முயல்கிறான் என்று அஞ்சியது. எதிரெதிராகத் தோன்றும் இவ்விரண்டு குரல்களும் ஒரே பிழையின் மீது நிற்கின்றன: மரபணுத்தொகுதியை மனிதனின் விதி எழுதப்பட்ட ஏடாகக் கொண்டமையே அப்பிழை.

அறிவியல் காட்டும் உண்மை அத்தகையதன்று. 1990இல் தொடங்கி 2003இல் முடிவுற்றதாக அறிவிக்கப்பட்டு, விடுபட்ட பகுதிகளும் நிரப்பப்பட்டு 2022இல் நிறைவுபெற்ற இவ்வாசிப்பு, ஏறத்தாழ 300 கோடி இணைகளைக் கொண்ட ஒரு தொடரையும், அதில் புரதங்களை ஆக்கும் ஏறத்தாழ 20,000 மரபணுக்களையும் நமக்குக் காட்டியது. ஆயினும் ஒரே தொடரைக் கொண்ட இரட்டைப் பிள்ளைகளுள் ஒருவர் நோயுறுவதும் மற்றவர் நலமாக இருப்பதும் நாம் அறிந்ததே. உணவு, உழைப்பு, காற்று, வறுமை, மனச்சுமை ஆகிய அனைத்தும் அத்தொடர் எவ்வாறு வெளிப்பட வேண்டும் என்பதில் பங்கு பெறுகின்றன.

இதற்கு நம் மண்ணிலிருந்தே ஒரு சான்று உண்டு. மதுரைக் காமராசர் பல்கலைக்கழகம், ஐதராபாத் உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையம் ஆகியவற்றின் ஆய்வாளர்கள் பங்கேற்ற ஓர் ஆய்வு 2009இல் வெளிவந்தது. இதயத் தசைக்கான ஒரு மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்ட நிலை இந்தியரில் ஏறத்தாழ நூற்றுக்கு நால்வரிடம் உள்ளது என்றும், அதைச் சுமப்போருக்கு நடுவயதுக்குப் பின் இதயம் தளரும் வாய்ப்பு மிகுதி என்றும் அது காட்டியது. எனினும் அதைச் சுமப்போர் அனைவரும் நோயுறுவதில்லை. அவ்வறிவு ஓர் எச்சரிக்கை. உரிய காலத்தில் இதயத்தைப் பரிசோதிக்க விடுக்கப்படும் அழைப்பு. அதனைத் தீர்ப்பாகப் படிப்பவர் அறிவியலுக்கும் அநீதி இழைக்கிறார், இறைவனின் கத்ரை ஒரு வேதிப்பொருளுக்குள் அடைத்து அகீதாவுக்கும் அநீதி இழைக்கிறார்.

மெய்யான வரவுகள்

உருவகத்தைக் கண்டிப்பது ஆய்வின் பயனை மறுப்பதாகாது. கிருஷ்ணகிரி, ஓசூர் வட்டாரத்தில் தமிழருடன் தெலுங்கும் கன்னடமும் உருதும் பேசுவோர் தலைமுறைகளாகக் கலந்து வாழ்கின்றனர். தென்னிந்தியாவில் பரவி வாழும் ஆரிய வைசிய வகுப்பாரிடம், அறுவைச் சிகிச்சையின்போது தசைகளைத் தளர்த்தத் தரப்படும் சக்சினைல்கோலின் என்ற மருந்தைச் சிதைக்கும் நொதி சிலருக்கு இல்லாதிருப்பது மருத்துவர்கள் நெடுங்காலமாகக் கண்டுவந்த ஒன்று. அத்தகையோருக்கு அம்மருந்தைத் தந்தால் சில நிமிடங்களில் மீள வேண்டிய மூச்சு மணிக்கணக்கில் மீளாது. இதன் காரணமாகிய மரபணு மாற்றம் இப்போது அடையாளம் காணப்பட்டுள்ளது. குமாரசாமி தங்கராஜ் முதலியோர் பங்கேற்று 2017இல் வெளிவந்த ஆய்வு இதற்கு ஒரு பொது விளக்கத்தையும் தந்தது. ஆராயப்பட்ட 263 தெற்காசியக் குழுக்களுள் 81 குழுக்கள், சிறு எண்ணிக்கையிலான முன்னோரிடமிருந்து பெருகித் தமக்குள்ளேயே மணம் புரிந்து வந்துள்ளன என்றும், அதனால் அவற்றில் அரிய பரம்பரை நோய்கள் செறிந்திருக்கக்கூடும் என்றும் அது கூறிற்று. ஒரு குழுவின் நோயை அறிவது அக்குழுவை இழிவுபடுத்துவதற்கன்று, அதன் பிள்ளைகளைக் காப்பதற்கே என்பதை இந்த நொதியின் கதை நன்கு உணர்த்துகிறது.

சிகிச்சையிலும் மெய்யான முன்னேற்றம் உண்டு. இவ்வட்டார மக்கள் பெருநோய் வந்தால் நாடிச் செல்லும் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில், ஹீமோபிலியா எனும் இரத்தம் உறையாமை நோய் கடுமையாகப் பாதித்த ஐவருக்கு அவர்களின் சொந்தக் குருத்தணுக்களில் குறைபட்ட மரபணுவின் நற்படியைச் சேர்த்துச் செலுத்தினர். அவர்களிடம் இரத்தக்கசிவு நிகழ்வுகள் நின்றதை 2024 டிசம்பரில் வெளியான ஆய்வறிக்கை பதிவு செய்தது. அரிவாள் செல் சோகைக்குக் கிரிஸ்பர் முறையில் அமைந்த முதல் சிகிச்சை 2023இன் இறுதியில் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் ஒப்புதல் பெற்றது. அமெரிக்காவில் அதன் விலை 22 லட்சம் டாலர். அதே நோய்க்கு உள்நாட்டிலேயே உருவாக்கிய கிரிஸ்பர் சிகிச்சைக்கு இந்திய அரசின் ஆய்வாளர்கள் பழங்குடித் தலைவர் பிர்சா முண்டாவின் பெயரைச் சூட்டி 2025 நவம்பரில் அறிமுகப்படுத்தினர். இந்நோய் பழங்குடி மக்களிடையே மிகுதி என்பதால் பெயர் பொருத்தமே. ஆனால் பெயர் சூட்டப்பட்டவரின் மக்களுக்கு எட்டும் விலையில் அச்சிகிச்சை கிடைக்கும் நாளில்தான் அப்பெயர் முழுப்பொருள் பெறும்.

தருமபுரி தந்த பாடம்

மரபணு மருத்துவத்தின் எதிர்காலத்தைப் பேசுவோர் அதன் கடந்த காலத்தைப் பெரும்பாலும் மறந்துவிடுகின்றனர். பனிக்குட நீரை எடுத்துக் கருவின் குரோமோசோம்களை ஆராயும் சோதனை 1975இல் தில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தில் அறிமுகமானது. பிறவிக் குறைபாடுகளைக் கண்டறிவதே அதன் நோக்கம். ஆனால் அது கருவின் பாலினத்தையும் காட்டிற்று. சில ஆண்டுகளுக்குள் குறைபாட்டைத் தேடுவோரைக் காட்டிலும் பெண் கருவைத் தேடுவோர் பெருகினர். அதைத் தடுக்க 1994இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. 2003இல் அச்சட்டம் மேலும் இறுக்கப்பட்டது.

கிருஷ்ணகிரி 2004 வரை தருமபுரி மாவட்டத்தின் பகுதியாக இருந்தது. பெண் சிசுக்கொலையால் தமிழகத்தின் மனச்சான்றை உறுத்திய மாவட்டங்களுள் தருமபுரியும் ஒன்று. 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001இல் தருமபுரிக்கும் விரிவாக்கப்பட்டது. பாலில் கலந்த நஞ்சு செய்த வேலையை அடுத்த தலைமுறையில் மீயொலித் திரை செய்யத் தொடங்கியது. அறியாமைக் காலத்து அரபியர் பெண் மகவை உயிருடன் புதைத்ததைத் திருக்குர்ஆன் கண்டித்ததை நாம் ஆண்டுதோறும் மேடைகளில் நினைவுகூர்கிறோம். அச்செயல் மருத்துவக் கருவியின் துணையுடன் நம் காலத்துக்குள் வந்தபோது நாம் எவ்வளவு பேசினோம் என்பது தனியே சிந்திக்கத்தக்கது.

இப்போது தாயின் கையிலிருந்து எடுக்கும் சிறிது இரத்தத்திலேயே கருவின் மரபணுத் துணுக்குகளை வாசிக்க இயலும். பத்தாம் வாரமளவிலேயே அது பாலினத்தையும் காட்டவல்லது. சட்டம் அதைத் தடுக்கிறது. எனினும் கருவி எளிதாகுந்தோறும் காவல் கடினமாகிறது. சோதனைக்குப் பொருளும் பயனும் தருவது அதைக் கையாளும் சமூகத்தின் ஒழுக்கமே. நோயற்ற குழந்தை வேண்டும் என்ற நியாயமான விருப்பத்துக்கும், விரும்பியவாறு அமைந்த குழந்தை மட்டுமே வேண்டும் என்ற ஆணவத்துக்கும் இடையே உள்ள கோட்டைக் கருவி வரைந்து தராது.

உழைப்பவரின் இரத்தம்

ஆலைகள் நிறைந்த இவ்வட்டாரத்துக்கு இன்னொரு வரலாறும் பாடமாக அமையும். அமெரிக்காவின் பர்லிங்டன் நார்தர்ன் சாண்டா ஃபே இரயில் நிறுவனத்தில் மணிக்கட்டு நரம்பு நெருக்கத்தால் துன்புற்று முறையிட்ட தொழிலாளர்களிடம், அவர்கள் அறியாமலேயே மரபணுச் சோதனை நடத்தப்பட்டது. நோய்க்குக் காரணம் வேலையா, பிறப்பா எனக் காண்பதே சோதனையின் உட்கிடை. 2001இல் சமவாய்ப்பு ஆணையம் வழக்குத் தொடுத்ததும் சோதனை கைவிடப்பட்டது. மறு ஆண்டில் 22 லட்சம் டாலர் இழப்பீட்டுக்கு நிறுவனம் உடன்பட்டது. மரபணுவைக் காரணம் காட்டி வேலையையோ மருத்துவக் காப்பீட்டையோ மறுக்கக் கூடாது என்று அந்நாடு 2008இல் தனிச்சட்டம் இயற்றியது.

நாள் முழுதும் ஒரே திருகாணியை முறுக்கும் கை எந்தக் கையாயினும் ஒருநாள் நோகும். அந்நோவுக்கு வேலையின் வேகத்தைக் குற்றஞ்சாட்டாமல் தொழிலாளியின் தாய் தந்தையரைக் குற்றஞ்சாட்ட ஒரு சோதனை கிடைக்குமாயின் அதன் கவர்ச்சி எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. ஒப்பந்த முறையில் பணிபுரிவோரும், ஜார்க்கண்ட், ஒடிசா முதலிய மாநிலங்களிலிருந்து வந்து விடுதிகளில் தங்கி உழைக்கும் இளம்பெண்களும், தம் இரத்தம் எதற்காக எடுக்கப்படுகிறது என்று கேட்கும் நிலையில் உள்ளனரா? இங்கு அத்தகைய முறைகேடு நிகழ்ந்ததாக நாம் கூறவில்லை. நிகழ்ந்தால் தடுக்க இந்தியாவில் அதற்கு ஈடான தனிச்சட்டம் இல்லை என்பதையே சுட்டுகிறோம்.

காப்பீட்டுத் துறையில் நீதிமன்றம் ஓரளவு வழிகாட்டியுள்ளது. இதயத் தசை தடிக்கும் நோயுற்ற ஒருவருக்கு, அது பரம்பரைக் கோளாறு எனக் காரணம் காட்டிக் காப்பீட்டுத் தொகை மறுக்கப்பட்ட வழக்கில், அத்தகைய பொதுவான விலக்கு பாகுபாடாகும் என்று தில்லி உயர் நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. அவ்வழக்கு பின்னர் உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது. நூற்றுக்கு நால்வர் சுமக்கும் இதய மரபணு மாற்றத்தை மேலே கண்டோம். அதைக் கண்டறியும் சோதனை மலிவாகும்போது, அது மருத்துவரின் எச்சரிக்கையாகப் பயன்படுமா, காப்பீட்டாளரின் மறுப்புக் கடிதமாகப் பயன்படுமா என்பது அறிவியல் விடைகூறும் வினாவன்று.

தனிமனிதத் தரவுப் பாதுகாப்பிலும் இதே குறையைக் காண்கிறோம். 2019ஆம் ஆண்டு மசோதா மரபணுத் தகவலைக் கூருணர்வுடைய தகவலாகத் தனியே வகைப்படுத்தியிருந்தது. 2023இல் நிறைவேறிய சட்டத்தில் அவ்வகைப்பாடே இடம்பெறவில்லை. ஆய்வுப் பணிகளுக்கு அச்சட்டம் குறிப்பிட்ட நிபந்தனைகளுடன் விலக்கும் அளிக்கிறது. ஒருவரின் கைபேசி எண்ணை மாற்றலாம். மரபணுவை மாற்றிக்கொள்ள இயலாது. அது அவருடையதாக மட்டும் இருப்பதுமில்லை. பிள்ளைகள், உடன்பிறந்தோர், இன்னும் பிறவாதோர் அனைவரின் இரகசியமும் அதில் அடங்கியுள்ளது.

மணவுறவும் நாமும்

பிறரை வினவும் நாம் நம்மையும் வினவ வேண்டும். 2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழகத்தில் 28 சதவீதப் பெண்களும் கர்நாடகத்தில் 27 சதவீதப் பெண்களும் இரத்த உறவில் மணம் புரிந்தவர்கள். தென்னகத்தில் பிற சமயத்தாரிடையே வழங்கும் தாய்மாமன் மணத்தை இஸ்லாம் விலக்கியுள்ளது. சகோதரி மகளும் சகோதரன் மகளும் மணக்கத் தகாதோர் பட்டியலில் உள்ளனர். மாமன், அத்தை, சிற்றப்பன் மக்களிடையே மணம் ஆகும். ஆகும் என்பதை ஆகவேண்டும் என்று ஆக்கிக்கொண்டது சொத்துப் பிரியாமையை விரும்பிய நம் வழக்கமே. அத்தகையோர் தம் மரபணுக்களில் எட்டில் ஒரு பங்கைப் பொதுவாகக் கொண்டிருப்பர். இருவரும் ஒரே குறையைச் சுமந்தால் அது பிள்ளையிடம் வெளிப்படும் வாய்ப்பு உயர்கிறது. பெரும்பாலான பிள்ளைகள் நலமாகவே பிறக்கின்றனர் என்பதும் உண்மை. அச்சமூட்டுவதும் மறைப்பதும் ஒருசேரத் தவறு.

சவூதி அரேபியா 2004 முதல் திருமணத்துக்கு முன் அரிவாள் செல் சோகைக்கும் தலசீமியாவுக்கும் சோதனையைக் கட்டாயமாக்கியது. முடிவை மணமக்களிடமே விட்டது. நோய்வாய்ப்பு உள்ளதெனக் கண்ட இணையருள் தாமே விலகியோர் தொடக்கத்தில் ஏறத்தாழ 9 சதவீதம். 2009இல் பாதிக்கும் மேல். அறிவுரையும் காலமும் கட்டளையைவிட வலிமையானவை என்பதை இது காட்டுகிறது. மனித மரபணுத்தொகுதியை அறிவது மனிதன் தன்னை அறியும் முயற்சியின் பகுதி என 1998இல் குவைத்தில் கூடிய இஸ்லாமிய மருத்துவ அறிஞர் அவை நோக்கியது. 2013இல் ரியாதில் கூடிய பன்னாட்டு ஃபிக்ஹ் அகாதமியும் இப்பொருளை விரிவாக ஆராய்ந்தது. ஃபிக்ஹ் இங்கே பின்தங்கிவிடவில்லை. அதன் முடிவுகளை மஹல்லாவுக்குக் கொண்டு வருவதில் நாம்தான் பின்தங்கியுள்ளோம்.

ஸஹீஹுல் புகாரீயில் பதிவான நிகழ்ச்சி ஒன்று இங்கு நினைவுக்குரியது. தன் நிறத்துக்கு மாறான கறுப்பு நிறத்தில் மகன் பிறந்ததாக ஒருவர் அண்ணல் நபி (ஸல்) அவர்களிடம் வந்தார். மனைவி மீதான ஐயம் அவர் சொல்லில் இருந்தது. அவருடைய செந்நிற ஒட்டகங்களிடையே சாம்பல் நிறக் கன்று எவ்வாறு வந்தது என அண்ணலார் வினவினார்கள். முன்னோர் வழி ஏதேனும் இழுத்திருக்கலாம் என்று அவரே விடை கூற, மகனுக்கும் அவ்வாறே ஆகியிருக்கலாம் என்று தெளிவித்தார்கள். இதில் மரபணு அறிவியலைத் தேடி மகிழ்வோர் உண்டு. நம் கவனத்துக்குரியது வேறொன்று: பரம்பரை பற்றிய அறிவு அங்கே ஒரு பெண்ணின் மானத்தைக் காக்கவும், ஒரு குழந்தையைத் தந்தையோடு சேர்த்து வைக்கவும் பயன்பட்டது. பரம்பரை அறிவை எதற்குப் பயன்படுத்துவது என்பதற்கு இதைவிடத் தெளிவான அளவுகோல் நமக்கு வேண்டியதில்லை.

அமானிதத்தின் நிபந்தனைகள்

2020இல் தொடங்கிய ஜீனோம் இந்தியா திட்டம் பெங்களூர் மூளை ஆய்வு மையத்தின் ஒருங்கிணைப்பில் இருபது நிறுவனங்களைச் சேர்த்து, 83 மக்கள்குழுக்களைச் சார்ந்த ஏறத்தாழ 10,000 பேரின் மரபணுத்தொகுதிகளை வாசித்தது. 2025 ஜனவரி 9 அன்று அத்தரவு ஆய்வாளர்களுக்குத் திறந்துவைக்கப்பட்டது. ஃபரீதாபாத்தில் உள்ள தரவு மையத்தில் அது காக்கப்படுகிறது. மேலை நாட்டாரின் மரபணுவையே அளவாகக் கொண்ட மருத்துவத்தில் நம் மக்களும் இடம்பெற இது தேவையான முயற்சி, பாராட்டத்தக்கது.

ஆயினும் அதே 2025இன் மார்ச்சில் அமெரிக்காவின் 23அண்ட்மீ நிறுவனம் திவால் பாதுகாப்புக் கோரியபோது, எச்சில் மாதிரி அனுப்பிய ஏறத்தாழ 1.5 கோடி பேரின் மரபணுத் தகவலும் கைமாறும் சொத்துகளுள் ஒன்றாயிற்று. அரிசோனாவின் ஹவசூபாய் பழங்குடியினர் நீரிழிவு ஆய்வுக்கெனத் தந்த இரத்தம் அவர்கள் அறியாமல் வேறு ஆய்வுகளுக்கும் பயன்படுத்தப்பட்டது. பல ஆண்டு வழக்குக்குப் பின் 2010இல் பல்கலைக்கழகம் இழப்பீடு தந்து, எஞ்சிய மாதிரிகளைத் திருப்பியளித்தது. ஒப்படைக்கப்பட்ட பொருளை ஒப்படைத்தவரின் விருப்பத்துக்கு மாறாகக் கையாளுவதை அமானித மோசடி என்றே நம் சட்ட மரபு கூறும். மரபணுவின் இயல்பைச் சரியாகக் குறிக்கும் சொல் ‘விதி ஏடு’ அன்று; ‘அமானிதம்’ என்பதே அச்சொல்.

அமானிதம் என்று கொண்டால் சில நிபந்தனைகள் தாமே எழும். முதலாவது, ஒப்புதல் தருபவரின் மொழியில் ஒப்புதல் கேட்கப்பட வேண்டும். தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் வழங்கும் இந்த எல்லையில் ஆங்கிலப் படிவத்தில் இட்ட கைநாட்டு ஒப்புதலாகாது. இரண்டாவது, இரத்தம் தந்த ஊருக்கு ஆய்வின் முடிவும் மருந்தின் பயனும் திரும்பி வர வேண்டும்; 2022இல் திறக்கப்பட்ட கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி போன்ற மாவட்ட நிலையங்களில் மரபணு ஆலோசனைக்கு இடம் வேண்டும். மூன்றாவது, வேலையிலும் காப்பீட்டிலும் மரபணுவால் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கும் சட்டம் வேண்டும். இதனைக் கோருவது ஒரு சமுதாயத்தின் தனிக்கோரிக்கையாகாது, உழைப்போர் அனைவருக்குமான கோரிக்கை.

நான்காவது, நம் கையிலேயே உள்ளது. மஹல்லா ஜமாஅத்துகளின் திருமணப் பதிவேட்டில் மஹரும் சாட்சிகளும் பதிவாகின்றன. நிக்காஹ் நிச்சயமாகும் முன்னரே தலசீமியா போன்ற நோய்களுக்கான எளிய இரத்தச் சோதனையை மேற்கொள்ளுமாறு மணமக்களின் பெற்றோருக்கு எடுத்துரைப்பதும், அதன் முடிவை அவ்விருவர் தவிர வேறெவரும் அறியாமல் காப்பதும் ஜமாஅத் நிர்வாகிகளுக்கு இயலாத செயல்களல்ல. இரண்டாவது பணி முதலாவதைக் காட்டிலும் கடினம். ஊர்வாயில் ஒரு பெண்ணின் இரத்தச் சோதனை பேசுபொருளாகுமாயின், ஓசூர் சாலையில் எத்தனை ஆய்வுக்கூடங்கள் எழுந்தாலும் அவள் வீட்டார் அவற்றின் வாசலை மிதிக்கமாட்டார்கள். மரபணு மருத்துவத்தின் எதிர்காலம் கருவிகளின் நுட்பத்தைச் சார்ந்திருக்கும் அளவுக்கு, இரகசியம் காக்கும் மனிதர்களின் நாணயத்தையும் சார்ந்துள்ளது.